நீர்நாய்களின் வக்கீல்

எனக்கு மீன் வாடையே ஆகாது, சார். அதனால்தான் நான் கூடை நிறைய மீன் வாங்கி வந்தது என் மனைவிக்கு மறக்கவில்லை. உங்களிடம் சொன்னதும் அவள்தான் என்று தெரியும். கோபமில்லை.

விலங்குகளுக்காக வழக்குப் போடுகிறவன் நான். என் கட்சிக்காரர்களுக்கு வாயும் கிடையாது, பையும் கிடையாது. சட்டம் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. ஓர் இனம் அதற்குக் கீழே இறங்கினால்தான் அதன் இருப்பிடத்தில் யாரும் கைவைக்க முடியாது.

முன்பு தவளைகளுக்காகப் போனேன். "நிறைய இருக்கே வக்கீல் சார், கத்துறது என் வீடு வரைக்கும் கேக்குதே" என்று நீதிபதி சிரித்தார். சதுப்பு நிலத்தில் கட்டடம் எழும்பியது. இப்போது அவருக்குத் தூக்கம் கெடுவதில்லை.

அடுத்தது நீர்நாய். அவற்றின் ஆற்றில் அணை கட்ட வந்தார்கள். கணக்கெடுத்தவன் என் மனைவியின் தம்பி. எண்ணிக்கை வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்தது. ஜெயிக்கிற வழக்கு. சாட்சி சொல்வதற்கு முன் கடைசியாக ஒருமுறை ஆற்றுக்குப் போனவன், சேறு அப்பிய காலோடு என் அறைக்குள் ஓடி வந்தான்.

"அத்தான், வளைவுக்கு அந்தப் பக்கம் மூணு பொந்து இருக்கு. மூணுலயும் குட்டிங்க."

"கோர்ட்ல சொல்லப்போறியா?"

"பின்ன? கூண்டுல ஏறிப் பொய் சொல்லவா? அதுங்க பெருகுதுன்னா சந்தோஷப்படுங்க அத்தான். மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க?"

நேர்மையான பையன். அவனைப் பொய் சொல்ல வைக்க மனம் வரவில்லை. இடத்தை மட்டும் விசாரித்துக்கொண்டேன்.

மீன்களின் வயிற்றுக்குள் விஷத்தை வைத்துத் தைத்து, அந்த மூன்று பொந்துகளின் வாசலிலும் போட்டேன். ஒவ்வொரு பொந்திலும் தாய் முதலில் கடித்துப் பார்த்தது. பிறகு குட்டிகளுக்குப் பங்கு வைத்தது. எல்லாம் அடங்கும்வரை நான் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். கட்சிக்காரர்களைப் பாதியில் விட்டு வருவது தொழில் தர்மமல்ல.

புதைத்துவிட்டு, மச்சினனை மறுபடி எண்ணச் சொன்னேன். கூண்டில் ஏறி அவன் உண்மையையே சொன்னான். தீர்ப்பு எங்களுக்குச் சாதகம்.

மிஞ்சிய மீன்கள் ஆற்றோடு கீழே போகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இப்போது அந்த ஆற்றில் ஒரு நீர்நாய்கூட இல்லை. இல்லாத பிராணிக்கு எதற்குப் பாதுகாப்பு என்று அணைக்காரர்கள் மனுப் போட்டிருக்கிறார்கள். மச்சினன் இன்னும் கரையோரம் தேடுகிறான். அவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற அவன் அக்கா என்னிடம் பேசுவதில்லை.

செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஜாமீனுக்கு மட்டும் தடை சொல்லாதீர்கள், சார். ஆமைகளின் வழக்கு விசாரணைக்கு வருகிறது. அவை இன்னும் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கின்றன.