மேல்மலை அலுவலகத்து மடிக்கணினியை வாழவைத்த தேவகிருபை அம்மையாருக்கு

மேற்கே மலையும் கிழக்கே வயலுமாய் விரிந்த போடிநாயக்கனூரில், ஏலக்காய் மணக்கும் எங்கள் வணிகக் கூடத்தின் கணினிகள் அத்தனைக்கும் தாயாய், தாதியாய், சில நாள் மாமியாராகவும் விளங்கியவரே, கனிவை உள்ளே ஒளித்துக் கண்டிப்பை வெளியே காட்டியவரே, இன்று பணி நிறைவு பெறும் கணினிப் பிரிவுக் கண்காணிப்பாளர் தேவகிருபை அம்மையீர், வணக்கம்.

தங்களிடம் திட்டு வாங்காதவர் இந்தக் கூடத்தில் எவருமில்லை. அதை ஒரு பட்டம்போல் சுமந்துகொண்டுதான் இங்கே கூடியிருக்கிறோம். ஏலக்காய் மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்த கணக்கர் சின்ராசுவிடம், "மூட்டை மேல வச்சா அது எங்கிட்டு மூச்சு விடும்? உம்மூக்குல சாக்கை அமுக்கவா?" என்று கேட்டீர்கள். அன்று முதல் அவர் கணினியைப் பலகையின் மேல் வைக்கிறார். மூக்கையும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

ஆயுத பூசை நாளில் எங்களுக்கு முன்னே வந்து நிற்பவரும் தாங்களே. தேவாலயம் போகும் தங்களுக்குப் பூசையில் என்ன சோலி என்று புதிதாக வந்தவர்கள் வியப்பார்கள். கணினிகளின் காற்றுத் துளைகளில் எல்லாம் காகிதம் ஒட்டிவிட்டு, "சந்தனத்தை மூடி மேல வைங்கப்பா, ஓட்டைக்குள்ள அப்பாதீங்க" என்று காவல் நிற்பீர்கள். பூசை முடிந்ததும் காகிதத்தை உரித்துவிட்டு, பொரிகடலைக்கு முதலில் கை நீட்டுவதும் தாங்களே.

கணினி வயதாகிச் சாவதில்லை, சூட்டில் வெந்துதான் சாகிறது என்பது தங்கள் வேதம். விசிறியில் தூசி அடைத்தால் சூடு, இராப்பகலாய் மின்சாரத்தில் மாட்டியே வைத்தால் சூடு, மெத்தையில் வைத்தால் சூடு. தூரிகையால் தூசி தட்டி, உள்ளே சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருந்தால் துடைத்துப் புதிது தடவி, தேய்ந்த பேட்டரியை மட்டும் மாற்றி, தலைமுழுகச் சொன்ன கணினிகளைத் தாங்கள் மறுபடி மேசையில் உட்காரவைத்த கதைகள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் இன்று விரித்துச் சொல்ல வேண்டும். அது ரேணுகாவின் கதை.

பனி இறங்கும் மேல்மலையில் நமக்குச் சிறிய அலுவலகம் ஒன்று உண்டு. தோட்டங்களிலிருந்து வரும் காயைக் கணினியில் பதிவு செய்பவர் ரேணுகா. அவர் கணவர் மலைச்சாமி ஜீப்பு ஓட்டியவர். மலைப்பாதை வளைவில் வண்டி உருண்டதில் இடுப்பு ஒடிந்து கட்டிலோடு கிடந்தார். கூப்பிடு தூரத்தில் வேலை இருந்ததால்தான் ரேணுகாவால் அவரையும் கவனித்து அடுப்பையும் எரிய வைக்க முடிந்தது.

அந்த அலுவலகத்துக்குக் கொடுத்த மடிக்கணினி ஓராண்டு தாண்டவில்லை. மாற்றிக் கொடுத்த இரண்டாவதும் அதே வழியில் போனது. மூன்றாவதும் வயிறு உப்பத் தொடங்கியபோது, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் மேலாளர் முனீஸ்வரன் பொறுமை இழந்தார். "இதுவும் போச்சுன்னா மலை ஆபீசையே மூடிருவோம். பதிவெல்லாம் கீழயே நடக்கட்டும்" என்றார்.

ரேணுகாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கீழே வந்து வேலை பார்த்தால் மலைச்சாமியைத் தூக்கி உட்காரவைப்பது யார்? அந்தக் கணினியை அவர் பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டார். தண்ணீர்ச் செம்பைக்கூட அதன் அருகில் வைத்ததில்லை. பின்னும் ஏன் சாகிறது என்று அவருக்கு விளங்கவே இல்லை.

தாங்கள் மழையோடு மழையாக ஜீப்பு ஏறிப் போனீர்கள். போனதும் கணினியைக் கழற்றவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ரேணுகா வேலை பார்ப்பதைப் பகல் முழுதும் பார்த்திருந்தீர்கள். அந்தி சாய்ந்ததும் அவர் கணினியின் மூடியைச் சாத்தி, கம்பளித் துணியில் சுற்றி, பின்கட்டுக்கு நடந்தார்.

"ஏத்தா, அதை எங்க கொண்டுபோற?"

"பனியில நமுத்துப் போயிருமேக்கா. காயோட காயா கதகதன்னு கெடக்கட்டும்னு ஸ்டோருக்குள்ள வச்சிருவேன்."

ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்தும் அறை. காய் ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், சூட்டில் இருந்தால் பிழைக்கும் என்று அறிந்து வளர்ந்தவர் ரேணுகா. கணினிக்கும் அதே வைத்தியத்தைச் செய்திருக்கிறார். மூடியை மட்டும் சாத்தியதால் உள்ளே அது ஓடிக்கொண்டே இருந்தது. கம்பளிக்குள், கொதிக்கும் அறையில், விடிய விடிய. தங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"நானே கொன்னுட்டேனாக்கா?" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒனக்கு யாரு சொன்னா? எந்திரி, சுக்குக்காப்பி போடு" என்றீர்கள்.

உப்பிய பேட்டரியை உடனே கழற்றி அப்புறப்படுத்தினீர்கள். புதியது வந்ததும் தாங்களே மறுபடி ஏறிப் போய் மாட்டினீர்கள். மூடினால் போதாது, அணைக்க வேண்டும். அணைத்தபின் ஆற விட வேண்டும். மர அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். முக்கால்வாசி ஏறியதும் சார்ஜரைப் பிடுங்க வேண்டும். ஜீப்பில் குலுங்கும்போது அது ஓடக் கூடாது. இத்தனையையும் ரேணுகா திருப்பிச் சொல்லும்வரை தாங்கள் ஜீப்பு ஏறவில்லை.

கீழே வந்ததும் மேலாளர் கேட்டார், தப்பு யாருடையது என்று. "மொத நாளே சொல்லிக் குடுக்காம அனுப்புன என்னோடது சார். மெமோ குடுக்கிறதுன்னா எனக்குக் குடுங்க" என்றீர்கள். அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. மலை அலுவலகத்தையும் மூடவில்லை. தாங்கள் சொன்ன அந்தச் சொல், இம்மடல் எழுதும் வேளையில் மேலாளர் வாய் திறந்து சொல்லித்தான் ரேணுகாவுக்கே தெரியும். அவர் அழுததையும் சேர்த்தே எழுதுகிறோம்.

அம்மையீர், தாங்கள் நோயின்றி, நொடியின்றி, பேரன் பேத்தி பெருகி, தங்கள் ஆண்டவர் அருளாலும் எங்கள் அத்தனை பேர் அன்பாலும் நெடுங்காலம் வாழ வேண்டும். வழக்கமான வாழ்த்து போதாது என்று ரேணுகா சொல்லச் சொன்னது இது: "ஓடி முடிச்சா ஆற விடணும்னு எனக்குச் சொன்ன அக்கா, ஒரு நாளாச்சும் ஆற அமர உக்காந்து சாப்பிட்டாங்களா? இனிமே சாப்பிடச் சொல்லுங்க. நாங் கேட்டேன்னு சொல்லுங்க."

மூடச் சொன்ன அலுவலகத்தில் இன்றும் விளக்கு எரிகிறது. மலைச்சாமி இப்போது கம்பு ஊன்றி வாசல்வரை வருகிறார். இம்மடலைத் தட்டச்சு செய்தது ரேணுகா, அந்த மூன்றாவது மடிக்கணினியில். சந்தேகமிருந்தால் பின்வரிசையைப் பாருங்கள். தங்களிடம் காட்ட வேண்டும் என்று அதை மலையிலிருந்து கொண்டுவந்து மடியில் வைத்திருக்கிறார். ஜீப்பில் வந்ததால் அணைத்துத்தான் கொண்டுவந்தாராம்.

என்றும் தங்கள் திட்டுக்கு ஏங்கும்,
கூடத்துப் பணியாளர்களும் மேல்மலை அலுவலகத்தாரும்,
போடிநாயக்கனூர்.