கதாநாயகிக்காக நேர்ந்துகொண்ட கோழி

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் காலை பஸ்ஸில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே எனக்கு இடம் கிடைத்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் மடியில் கால் கட்டிய கோழி ஒன்று இருந்தது. மற்றவர் அவருடைய நாத்தனார் என்பது பேச்சில் தெரிந்தது.

"சினிமாவுல செத்தவளுக்காக மாரியம்மனுக்குக் கோழி விடறது நீங்க ஒருத்தர்தான் அண்ணி."

"செத்தவ இல்லம்மா, பொழச்சவ. அவ கெணத்துல விழுந்ததும், 'தாயே, இவள எழுப்பிக் குடு, கோழி விடறேன்'னு கொட்டகையிலயே அழுது வேண்டிக்கிட்டேன். அடுத்த ரீல்லயே பூ வச்சிக்கிட்டுப் பாட்டுப் பாடினா."

"டூரிங் கொட்டகை ஆபரேட்டர் ரீலை மாத்திப் போட்டிருக்கான் அண்ணி. அவ சாவறதுதான் கடைசி ரீலு. கோழிய எங்க ஊட்டுக்குக் கொண்டாங்க, கொழம்பு வச்சிரலாம்."

"நேர்ந்துகிட்டதத் தின்னா அம்மன் சும்மா விடுவாளா?"

"அதே படத்த ஓசூர்ல நான் பாத்தேன். கெணத்துல விழுந்தா, செத்தா, படம் முடிஞ்சிருச்சின்னு எங்களை அனுப்பிட்டாங்க. அவ எழுந்தே வரல."

அண்ணி கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஓசூர்ல யாராச்சும் அவளுக்கு வேண்டிக்கிட்டீங்களா?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தார்.

"இல்ல அண்ணி."

"அதான் செத்துட்டா."

அடுத்த நிறுத்தம் மாரியம்மன் கோயில். நாத்தனார் கோழியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு முதலில் இறங்கி, கோயிலைப் பார்த்து நடந்தார்.