கட்டிப்போட்ட கைகள்

“மாட்டைக் கட்டுற மாதிரி என் ரெண்டு கையையும் கட்டிப்போட்டாக!”

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் ஒருவர் கரகரத்த குரலில் மனைவியிடம் குமுறினார்.

“மயக்க மருந்தைக் குறைச்சு, மெஷின் இல்லாம நானா மூச்சு விடுறேனான்னு பார்த்தாக. சரி. அதுக்கு எதுக்குக் கட்டணும்?”

“தொண்டையில இருந்த குழாயைப் புடுங்கப் போனீகள்ல?”

“அரை மயக்கத்துல எனக்கென்ன தெரியும்? நாளைக்கே போயி அந்த நர்சைக் கேக்குறேன்.”

வீரபாண்டி தாண்டியும் அவர் ஓயவில்லை. அந்த அம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது.

“அவுகளை எதுக்குக் கேக்குறீக? கட்டத்தான் வந்தாக, நான் விடலை. குழாயை எடுக்குற வரைக்கும் உங்க ரெண்டு கையையும் நாந்தேன் புடிச்சுக்கிட்டு நின்னேன்.”

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“அம்புட்டு இறுக்கியா புடிப்ப?”