அப்பன் வழி

வேணாம்மா, பாய் எல்லாம் எதுக்கு, நான் இப்டியே கீழ குந்திக்கறேன். வயித்துப் புள்ளக்காரி, நீ மொதல்ல ஒக்காரு. உப்பு அப்புறம் அளந்து போடறேன், எங்க ஓடிடப் போவுது. ஒரு சொம்பு தண்ணி மட்டும் குடு. மரக்காணத்துலேர்ந்து பஸ்ஸுல வந்து, தலச்சொமையோட பொம்மையார்பாளையம் பூரா சுத்திட்டேன், நாக்கு ஒட்டிக்கிச்சு.

டேய் தேவநாதா! எறங்குடா! முருங்க மரம்டா அது, ஒடிஞ்சி வுழுந்துடும்!

கேக்க மாட்டான். எம் மவன்தான். ஒன்பது வயசாவுது. இன்னா பாக்கற, கை ஏன் கோணலா இருக்குதுன்னா? மரத்துலேர்ந்து வுழுந்துட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஒங்கிட்ட நெசத்தயே சொல்றேன். அவங்கப்பன் ஒடச்சது.

குடிச்சிட்டா? அதெல்லாம் இல்ல. நல்லா தெளிஞ்ச மனுசனா இருந்து, பட்டப்பகல்ல, உப்பளத்துல அம்மாம் சனம் பாக்கச் சொல்ல ஒடச்சான்.

இவன் பொறந்ததுலேர்ந்தே அப்டித்தாம்மா. தூளியில போட்டா தூளிய கிழிப்பான். நடக்க ஆரம்பிச்சதும் ஓட்டம். நான் தலைல உப்புக் கூடையோட வரப்பு மேல போறேன், இவன் பாத்திக்குள்ள எறங்கி, பூத்து நிக்கற உப்ப பூரா மிதிச்சி சேறாக்கிட்டு அந்தாண்ட கரையில நிப்பான். மேஸ்திரி வந்து தார்க்கயிறால அடிப்பாரு. முதுகு பொளந்து, அதுல உப்புத் தண்ணி பட்டா எப்டி எரியும் சொல்லு? அந்த எரிச்சல்லயும் இன்னொரு வாட்டி ஓடுவான். அடங்கணும்னு நெனப்பான்மா. அவனால முடியல. அது யாருக்குப் புரியுது?

பள்ளிக்கூடத்துல போட்டோம். வாத்தியாரு துண்ட முறுக்கி தூணோட சேத்துக் கட்டிட்டாரு. பல்லால கடிச்சி அவுத்துகினு, கையில இருந்த சிலேட்டுப் பலகைய வுட்டெறிஞ்சான். பக்கத்துப் புள்ள நெத்தி கிழிஞ்சி ஒரே ரத்தம். அந்தப் புள்ளயோட ஆத்தா வந்து, தெரு நடுவுல எம் மயிரப் புடிச்சி இழுத்து, மண்ணுல போட்டு ஒதைச்சா. வாங்கிகினேன். வேற இன்னா பண்றது?

அப்புறம் பூசாரி. பேய் புடிச்சிருக்குதுன்னுட்டாரு. வேப்பங்கொத்தால அடிச்சி, உள்ளங்கையில கற்பூரத்த வச்சி கொளுத்தினாரு. கீழ போடாம இருந்தா பேய் போயிடுமாம். போட்டுட்டான். மறுபடியும் வச்சாரு. நான் எழுந்து ஓடினேன், எங்க மாமியா குப்பம்மா என்ன புடிச்சி அமுக்கிட்டா. ஒன் வயித்துல வந்த பேய் எரியட்டும்டின்னா.

ஆமா, ஊரே அதத்தான் சொல்லிச்சு. எம் புருசன் தெனமும் சொன்னான். எங்க வமுசத்துல இப்டி ஒண்ணு இல்ல, நீ எங்கேர்ந்து கொண்டாந்தன்னு கேட்டு அடிப்பான். புள்ளைய அடிச்சி கை சலிச்சா என்ன அடிப்பான். எனக்கே ஒரு கட்டத்துல அப்டித்தான் தோணிச்சும்மா. முழுவாம இருக்கச் சொல்ல சுடுகாட்டு வழியா சுள்ளி பொறுக்கப் போனேனே, அதுல ஒட்டிகினு வந்துடுச்சோன்னு நெனச்சி நெனச்சி அழுவேன்.

எங்க ஊருக்கு ஊசி போட வர்ற நர்ஸம்மா ஒருத்தங்கதான் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. பேய் இல்ல, மனசு டாக்டர் கிட்ட காட்டுன்னாங்க. புருசனும் வந்தான், மாமியாளும் வந்தா. எங்கூட தொணைக்கு வரல. என் மேல கொற சொல்றதுக்கு வந்தாங்க.

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணாடி போட்டுகினு, ஒண்ணொண்ணா கேட்டாங்க. எப்ப நடந்தான், தூங்குவானா, யாரையாவது வேணும்னே அடிப்பானான்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள எம் புருசன் பதில் சொல்றான். அவங்க கேட்டு முடிக்கறதுக்குள்ளயே சொல்றான். நாற்காலியில குந்த மாட்டேங்கறான். எழுந்து போயி சன்னல தொறக்கறான், மூடறான். மேசை மேல காகிதம் பறக்காம வைக்கற கண்ணாடிக் குண்டு, அத எடுத்து எடுத்து உருட்டறான். இந்தாண்ட பாத்தா எம் மவனும் எழுந்து அதே குண்ட புடுங்கறான்.

அந்தம்மா பேனாவ கீழ வச்சிட்டு ரெண்டு பேரையும் மாறி மாறி பாத்தாங்க. அப்புறம் எம் புருசன கேட்டாங்க, நீங்க சின்ன வயசுல எப்டிங்கன்னு.

தங்கமான புள்ளம்மான்னான்.

எங்க மாமியாளுக்கு சிரிப்பு தாங்கல. இவனா? கால்ல சங்கிலி போட்டு பனை மரத்துல கட்டித்தான் வளத்தேன், பள்ளிக்கூடத்துலேர்ந்து மூணு வாட்டி தொரத்திட்டாங்க, இவங்கப்பனும் அப்டித்தான், நிக்கற வரைக்கும் பொறுக்காம ஓடற உப்பு லாரியிலேர்ந்து குதிச்சித்தான் செத்தாருன்னு அவ பாட்டுக்கு சொல்லிகினே போறா. பெருமையா சொல்றாம்மா.

அப்பதான் டாக்டரம்மா சொன்னாங்க. வெளிநாட்டுல இப்டிப்பட்ட புள்ளைங்க குடும்பத்த எல்லாம் விசாரிச்சி பாத்திருக்காங்களாம். நெறைய பேருக்கு அப்பன் இல்லாட்டி சித்தப்பன், யாராவது ஒருத்தரு சின்ன வயசுல இதே மாதிரி இருந்திருக்காங்களாம். இன்னும் முழுசா கண்டுபுடிக்கலையாம். ஆனா மூக்கு வர்ற மாதிரி, ஒசரம் வர்ற மாதிரி ரத்தத்துல வரும்போல தெரியுதுன்னாங்க. பேயும் இல்ல, கொழுப்பும் இல்ல, பெத்தவ வளத்த கொறையும் இல்ல. அடிக்காதீங்க, அடிச்சா இது போவாது, அடிக்கறத மட்டும்தான் புள்ள கத்துக்கும்னாங்க.

அவ்ளோதான். எம் புருசன் அந்தக் கண்ணாடிக் குண்ட தூக்கி சன்னல்ல அடிச்சான், கண்ணாடி பூரா செதறிச்சு. பெத்த தாய அறைஞ்சான் பாரு, அந்த வெத்தல வாயிலேர்ந்து ரத்தம். ஆளுங்க வந்து வெளிய இழுத்துப் போட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல என்ன கீழ தள்ளி நெஞ்சுலயே மிதிச்சான். எங்க ரத்தத்தையாடி பழி சொல்ல வைக்கறன்னு கேட்டு கேட்டு மிதிச்சான். எனக்கு சிரிப்பு வந்துச்சும்மா. மிதி வாங்கிகினே சிரிக்கறேன். இத்தினி வருசம் எவ வயித்த சபிச்சாங்க! எத்தினி ராத்திரி நானே எம் வயித்துல குத்திகினேன்!

மறுநா உப்பளத்துல, இவன் வெளையாட்டா மடைய வெட்டி வுட்டுட்டான். வார வேண்டிய பாத்தியில தண்ணி பாஞ்சிடுச்சு. அவங்கப்பன் உப்பு வார்ற பலகைய எடுத்துகினு வந்தான். நல்லா கெட்டி மரம், நீட்டு கம்பு போட்டது. புள்ள கைய வரப்பு மேல வச்சி காலால அமுக்கிகினு, சொல்லுடா, நீ என் ரத்தமா, நீ என் ரத்தமான்னு கேட்டு அடிச்சான். எலும்பு ஒடையற சத்தம் எனக்கு எட்டி நின்னு கேட்டுச்சு. புள்ள அழுவல. அப்பன் மூஞ்சியவே பாத்துகினு இருந்தான். ஒருத்தரும் கிட்ட வரல.

கட்டு போட்டாங்கம்மா, போடாம இன்னா. இவன் அசையாம இருந்தாத்தானே சரியா கூடும். கட்டோடவே மரம் ஏறினான். அதான் கோணல்.

அதுக்கப்புறம் நானும் புள்ளையும்தான். எங்கூடவே ஓடி வருவான், தெருவுக்குத் தெரு முன்னால போயி உப்பு உப்புன்னு கத்துவான். புது வாத்தியாரு மணி அடிக்கற வேலைய இவன்கிட்ட குடுத்திருக்காரு. எழுத்து கொஞ்சம் கொஞ்சம் வருது. கோவம் வந்தா இன்னும் சாமானத்த ஒடைப்பான். ஓடிப் போயி கட்டிப் புடிச்சிக்குவேன். திமிறுவான், அப்புறம் அடங்குவான்.

ஒன் வயித்துல கைய வச்சிக்காத, பயப்படாத. எல்லாப் புள்ளைக்கும் வரும்னு கெடையாது. டாக்டரம்மாகிட்ட மறுபடியும் போயி அதத்தான் கேட்டேன். வரலாம், வராமயும் போவலாம், வந்தாலும் புள்ள கெட்டுப் போனதா அர்த்தம் இல்லன்னாங்க.

ஒனக்கு எதுக்கு வரணும்னு கேக்கறியா?

ஒம் புருசன் முருகையன், மில்லுலேர்ந்து எத்தினி மணிக்கு வருவாரு?

ஒக்காரு. ஒக்காருடி, எழுந்திரிக்காத. மீன் விக்கறவங்க சொல்லித்தான் நீ முழுவாம இருக்கறது தெரியும். அவர புடிச்சிகினு போவ நான் வரல. எனக்கு வேணாம் அந்தாளு. மொதப் பொண்டாட்டிய பத்தி ஒங்கிட்ட இன்னா சொன்னாரு? செத்துட்டாளா? எதுல, காலராவா? சரி. அந்தக் காலு? இழுத்து இழுத்து நடக்கறாரே, அதுக்கு இன்னா சொன்னாரு?

லாரியும் இல்ல கீரியும் இல்ல. புள்ள கைய ஒடச்சிட்டு மறுபடியும் பலகைய ஓங்கினான் பாரு, அத புடுங்கி முட்டியிலயே போட்டேன். வுழுந்தான். வுழுந்தவன இன்னொண்ணும் போட்டேன்.

அழாத தங்கச்சி. ஒனக்குப் பொறக்கறது ஓடுச்சுன்னா ஓட வுடு. அவங்கப்பன் கைய ஓங்கினான்னா புள்ளைய தூக்கிகினு நேரா மரக்காணம் வந்துடு. உப்பளத்துல அம்சவள்ளி வூடு எதுன்னு கேளு, யாருன்னாலும் காட்டுவாங்க. பாத்திரம் எடுத்துகினு வா, உப்ப அளந்து போட்டுட்டு போறேன்.