டெம்பர் கிளாஸ் ஒட்டும் நேரம்

போன் திரையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுவதற்குப் பெரிய கைத்திறமை ஒன்றும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால் குமிழி வந்துவிடும். அப்புறம் அந்த போன் இருக்கும்வரை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அதனால் நான் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஒட்டுவேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டரின் போனைப் பார்த்தேன் மேடம், மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. யார் ஒட்டினார்களோ, அவசரப்பட்டிருக்கிறார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். எதையும் மூடி மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

புளியந்தோப்பில் சுயம்பு மொபைல்ஸ் என்றால் ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அப்பா சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து மளிகை போட்ட அதே இடம்தான். கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஐபோன் சேஃபா, ஆண்ட்ராய்டு சேஃபா?

நான் சலித்துக்கொள்ளாமல் விளக்குவேன். ஐபோனில் கண்ட லிங்க்கைத் தட்டிக் கண்டதையும் ஏற்றிக்கொள்ள வழி குறைவு. பழைய மாடலுக்கும் அப்டேட் வந்துகொண்டிருக்கும். ஆண்ட்ராய்டில் அது போனைச் செய்த கம்பெனியைப் பொறுத்தது, விலை குறைந்த போனுக்குச் சீக்கிரம் நின்றுவிடலாம். ஆனால் கேமராவையும் மைக்கையும் இருக்கும் இடத்தையும் எந்த ஆப்புக்குக் காட்டுவது என்பதை இரண்டிலும் நீங்களே முடிவு செய்யலாம். இரண்டுமே நல்ல பூட்டுதான், சாவி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். சொல்லி முடித்துவிட்டு, சாவியை நானே செய்து கொடுப்பேன்.

வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் மொத்த வியாபாரம் செய்யும் ராசையா அண்ணாச்சி என்னிடம்தான் ஐபோன் வாங்கினார். கூட வந்த மச்சான் கையில் ஆண்ட்ராய்டு. உன் போனில் ஊரே எட்டிப் பார்க்குமே என்று அவரை வெகுநேரம் கேலி செய்தார். பிறகு, பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று நான் கேட்டதும், கடை நிறைய ஆள் நிற்கும்போது மகள் பெயரையும் அவள் பிறந்த வருடத்தையும் உரக்கச் சொன்னார். எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் புது போன் என்றால் மெயில் கணக்கைக் கடைக்காரர்தான் திறந்து தர வேண்டும். மறந்துவிடக் கூடாது என்று எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, கடைப் பெயர். ஆஃபர் பார்த்துப் பார்த்து சிம் மாற்றுகிறவர்கள் என்பதால், கணக்கை மீட்பதற்கான நம்பர் மட்டும் என் கடை நம்பர். இதை நான் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. அவர்களே கேட்பார்கள்.

சங்கமித்ரா முதன்முதலில் வந்தபோதும் அப்படித்தான். இராயபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஹவுசிங் போர்டு பிளாட்டிலிருந்து அம்மா கெங்கம்மாவோடு வந்து, நிறம் பிடிக்காமல் நாலைந்து போனை மாற்றி மாற்றிப் பார்த்து ஒன்றை எடுத்தாள். பாஸ்வேர்டைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். கெங்கம்மா விடவில்லை.

“நீ இன்னாத்த நெனப்புல வெச்சிக்கினு கீற? போன வாரம் வூட்டு சாவியவே தொலைச்சிட்டு வந்தவ. நைனா, நீயே போட்டு நீயே வெச்சிக்கபா. உன்கிட்ட கீதுன்னா பேங்கில கீற மாரி.”

சங்கமித்ரா சிரித்துவிட்டு போனை என் கையில் கொடுத்தாள். ஒரு பெண் அப்படி நம்பிக் கொடுத்தால் ஆணுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. நீங்கள் கேட்ட ‘ஏன்’ அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில், கணக்கு ஒழுங்காக ஓடுகிறதா என்றுதான் பார்த்தேன். அவள் எடுக்கும் படங்கள் எல்லாம் அதில் வந்து விழும். துறைமுகத்து கிரேன்களுக்கு மேலே தெரியும் மேகங்களை நிறைய எடுத்திருந்தாள். அழகாக இருந்தது. பிறகு டெம்பர் கிளாஸ் மாற்ற வந்தாள். எனக்கு எதிரிலேயே பேட்டர்ன் போட்டு, லாக்கைத் திறந்து நீட்டினாள். ஒட்டிய பிறகு டச் வேலை செய்கிறதா என்று பார்த்துத்தானே தர வேண்டும். வாட்ஸ்அப்பைக் கடைக் கம்ப்யூட்டரோடு இணைக்க அந்த நேரமே அதிகம். கிளாஸில் ஒரு குமிழிகூட வரவில்லை.

அதற்குப் பிறகு அவளை நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். சாப்பிடாமல் இருந்தால் அவளுக்குத் தலைவலி வரும். அழுத்தமான பச்சை பிடிக்கும். அம்மாவுக்குத் தெரியாமல் நாய்க்குட்டி வளர்க்க ஆசை. மழையில் பஸ் இல்லாமல் நின்றால், என் ஸ்கூட்டர் அந்தப் பக்கம் போகும். பச்சைச் சட்டை போட்டிருப்பேன். தன் தோழி மெஹ்னாஸுக்கு அவள் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள்: “அந்த மொபைல் கட அண்ணா கீறாருல்ல, எப்டித்தான் கரீட்டா வந்து நிக்கிறாரோ தெர்ல.” அதில் அண்ணா என்பதைத் தவிர மற்றதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. அடிக்கடி கேட்பேன்.

அறிவு என்று ஒருவன் இருந்தான். எண்ணூர்த் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை. வியாசர்பாடிப் பையன், அண்ணன் வல்லரசு வீட்டில் இருந்தான். அவனும் சங்கமித்ராவும் விரும்பினார்கள். இரண்டு வீட்டுக்கும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் இருவருமே மிகவும் ஜாக்கிரதையானவர்கள்.

அவனிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

ஓமானில் ஒரு துறைமுகத்துக்கு ஒப்பந்த வேலையாகப் போகும் முன் அவனும் என் கடைக்கு வந்தான். திரும்பி வந்ததும் கல்யாணம் என்று அவர்கள் பேசி வைத்திருந்தது எனக்குத் தெரியும். அவன் என் காதருகே குனிந்து கேட்டான்.

“மாமு, அங்கருந்து பேசினா வேற எவனாவது கேப்பானா? ஒரு பொண்ணு மேட்டரு. அதான்.”

கேட்க முடியாது, இந்த முனையில் பூட்டி அந்த முனையில்தான் திறக்கும், நடுவில் கம்பெனிக்காரனே படிக்க முடியாது என்றேன். அது உண்மைதான். பொய் சொல்லி வியாபாரம் செய்வது எனக்குப் பிடிக்காது.

அவன் போன பிறகு நான் செய்தது மிகச் சின்ன வேலை. அவள் போனில் இருந்த பெயர்களும் நம்பர்களும் கணக்கிலும் இருந்தன. அறிவு என்ற பெயருக்கு நேரே ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினேன். இந்தக் காலத்தில் யார் யாருடைய நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்? சார்ஜ் ஏறவில்லை என்று போனைக் கொடுத்தபோது, தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்காதபடி வைத்து, பழைய பேச்சுகளையும் அழித்தேன். பிறகு அவள் பெயரில் அவனுக்கு எழுதினேன். அம்மாவுக்குச் சந்தேகம், கூப்பிடாதே, என் வேலை நேரத்தில் மட்டும் எழுது. வேலை நேரத்தில் அவள் போன் லாக்கரில் இருக்கும். அவன் சொன்ன பேச்சு கேட்கிறவன். ஒருநாள்கூட நேரம் தவறவில்லை. அவள் வேலை முடிந்து போனை எடுக்கும் முன் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன்.

அவளுடைய பேச்சில் எழுதுவது ஆரம்பத்தில் வரவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சு புகுந்துவிடும். அவளுடைய குரல் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பழகினேன். ஒரு கட்டத்தில் அவளே எழுதினாலும் அவ்வளவு சங்கமித்ராவாக இருந்திருக்குமா என்று எனக்கே தோன்றியது.

அவன் சத்தமே இல்லை என்றதும் அவள் யாரிடம் போவாள்? என்னிடம்தான் வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அண்ணா, ஒரு நம்பரு வேலையே செய்யல. சாட்டெல்லாம் போய்ட்ச்சி. இன்னான்னு பாருங்களேன்.”

வாங்கிப் பார்த்தேன். வெளிநாடு போனவர்கள் நம்பரை மாற்றிக்கொண்டு பழைய கணக்கை மூடிவிட்டால் இப்படித்தான் ஆகும் என்றேன். யார் என்று கேட்கவில்லை. அவள் சொல்லாததைக் கேட்பது நாகரிகம் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

அவனுக்கு நான் திடீரென்று எதையும் சொல்லவில்லை. ஒரு வாரம் சுருக்கமாகப் பதில் போடுவேன், அடுத்த வாரம் போட மாட்டேன். பிறகு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றேன். அதன் பிறகு, எனக்கும் சம்மதம் என்றேன். ஒரு மனிதனைப் பக்குவமாகப் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். வேலையை முடித்துக்கொண்டு நல்லபடியாக வேறு பெண்ணைப் பார்ப்பான் என்று நினைத்தேன்.

அவன் யாருக்கும் சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டான். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் பாறை மேல் உட்கார்ந்துகொண்டு, அவள் வேலை நேரம் பார்த்து எழுதினான்: “ஒரே ஒரு வாட்டி வந்து மூஞ்ச பாத்து சொல்ட்டு போய்டு மித்து.” வர மாட்டேன் என்று போட்டேன். பிறகு, “நான் இல்லாம போய்ட்டா உனுக்கு நிம்மதியா?” என்று வந்தது.

கடையில் ஒருவர் சார்ஜர் கேட்டு நின்றிருந்தார். அவருக்கு ஒயர் நீளம் எது வேண்டும் என்று விசாரித்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, “ஆமா” என்று எழுதினேன்.

அது கேள்விக்கான பதில்தான் மேடம். நான் எதையும் சேர்த்து எழுதவில்லை.

மீன்பிடிக்கப் போனவர்கள் அவன் உடலைக் கரை சேர்த்தார்கள். போன் பாறை மேலேயே இருந்தது. வல்லரசு அதைப் படித்துவிட்டு ஆட்களோடு கெங்கம்மா வீட்டு வாசலுக்கு வந்தான். நான் எழுதவே இல்லை என்று சங்கமித்ரா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் நம்பரிலிருந்து போயிருக்கும்போது யார் நம்புவார்கள்? தற்கொலைக்குத் தூண்டினாள் என்று வழக்குப் போட்டு ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். வேலை போயிற்று. தண்ணீர் லாரியில் குடம் வைக்கப் போனாலும் பெண்கள் ஒதுங்கினார்கள்.

அவள் எழுதவில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால்தான் நான் மட்டும் அவள் பக்கம் நின்றேன். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டார் முறைத்துக்கொண்டு போனதைப் பொருட்படுத்தாமல் கல்யாணமும் செய்துகொண்டேன். கெங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ மன்சனே இல்ல நைனா” என்று அழுதது. பாராட்டாகத்தான் சொன்னது. சங்கமித்ரா அப்போது எதற்கும் சரி என்பாள். வீட்டில் நாய்க்குட்டி வாங்கி விட்டேன். நான் கேட்காமலே எப்படித் தெரிந்துகொண்டேன் என்று என்னைப் பார்த்தாள். அன்பு இருந்தால் தெரியும் என்றேன்.

நாள் போகப்போகத் தேறினாள். மெஹ்னாஸ் சொல்லி வேறொரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளத்தில் தவணை போட்டு, வேறு கடையில் ஐபோன் வாங்கினாள். ஏன் இங்கே வாங்கவில்லை என்று கேட்டதற்கு, உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்றாள். புது போனுக்கு வாட்ஸ்அப்பை மாற்றும் முன், பழைய போனில், வேறு எதிலெல்லாம் இணைத்திருக்கிறாய் என்று பார்க்கும் பக்கத்தை மெஹ்னாஸ் திறந்து காட்டியிருக்கிறாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்திருக்கிறது. அவளுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது.

வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டாள். மறுநாள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உங்களிடம் வந்திருக்கிறாள்.

நீங்கள் கடைக்கு வந்து கம்ப்யூட்டரைக் கழற்றும்போது அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“கடைசியா அவன் கேட்டதுக்கு நான் இன்னா சொல்லியிருப்பேன்னு உனுக்குத் தெர்யுமா?”

அதுவரை என்னை நீங்கள் என்றுதான் பேசுவாள். தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அதற்குள் உங்கள் கான்ஸ்டபிள் என்னை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நம்பரை மாற்றியது நான். மாதக்கணக்கில் அவள் பெயரில் எழுதியது நான். அந்த “ஆமா”வும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. அந்த ஐபோன் அவள் முகத்தைக் காட்டினால்தான் திறக்கிறது, பாஸ்வேர்டையும் எனக்குச் சொல்லவில்லை. கட்டின புருஷனிடம் மறைக்க ஒரு பெண்ணுக்கு அப்படி என்ன இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள் மேடம்.