ராஜபாளையம் ரோட்டில் நின்ற கார்

— பேனட்டத் தொட்டா சுடுதே சாமி. நாங்க வாரோம்னு தெரிஞ்சு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டீகளா?

— ஏன் ஓய் சந்தேகம்? காத்தால ஆண்டாளைச் சேவிக்கப் போனேன். முட்டி வலியோட இந்தச் சம்பத்குமார் நடந்தா போவான்? கார்லதான் போனேன், கார்லதான் வந்தேன்.

— கோவிச்சுக்கிடாதீக. சூடா இருக்க இஞ்சின் எல்லாம் நல்ல பிள்ளை மாதிரித்தான் கிளம்பும். ஆறுன பொறவுதான் அதோட வண்டவாளம் தெரியும். பட்டாளத்துல பதினேழு வருசம் லாரி ஓட்டுனவன் சொல்லுதேன். செத்த நேரம் ஆறட்டும்.

— பேஷா ஆறட்டும். கேளும் பால்ச்சாமி, ஆத்துல காபி ஆகிண்டிருக்கு. உம்ம ஆம்படையாளும் நின்னுண்டே இருக்காளே.

— காபியெல்லாம் பொறவு. ஏட்டி வெள்ளைத்தாயி! இங்க என்ன பராக்குப் பாக்க? காருக்குப் பின்னாடி போயி நில்லு. ஸ்டார்ட் பண்ணுறப்ப என்ன கலர்ல புகை வருதுன்னு பாத்துச் சொல்லணும்.

— எனக்கென்னங்க தெரியும்? புகைன்னா புகைதான்.

— நீலமா வந்தா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். கறுப்பா வந்தா பெட்ரோலக் கண்டமேனிக்குக் குடிக்குது. வெள்ளையா விடாம வந்துச்சுன்னா இஞ்சினுக்குள்ள தண்ணி இறங்குது.

— ஒண்ணுமே வரலைன்னா?

— வாங்கிருவோம்.

— வந்துச்சுன்னா?

— வழியிலயே சொல்லிட்டேன்ல? சவுதியில டிரைவர் வேலை இருக்கு. பொட்டியக் கட்ட வேண்டியதுதான்.

— மிலிட்டரிக்காரரே, கார் பாக்க வந்த இடத்துல சவுதியை ஏன் இழுக்கறீர்? அந்தப் பொம்மனாட்டி மூஞ்சியைப் பாரும், சுண்டிப் போச்சு.

— ஆம்பிளைன்னா ஒரு பொழப்பு வேணும்ல சாமி. இந்தக் கார் தேறுச்சுன்னா ராஜபாளையம் ஸ்டாண்டுல போடுவேன். அய்யனார் கோவிலு, சபரிமலை, கல்யாணச் சவாரின்னு ஓட்டிக்கிட்டு சோழபுரத்துல வீட்டோட கெடப்பேன். தேறலைன்னா விமானந்தான். நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க, பேனட்டத் தூக்குவோம்.

— தூக்கும். என் இஞ்சின் கண்ணாடி மாதிரி இருக்கும்.

— துடைச்சு வச்சிருக்கீகளே! அதான் பயமா இருக்கு. தொடச்ச இஞ்சின்ல ஒழுகுற எடம் தெரியாது.

— தொடைச்சாலும் தப்பு, தொடைக்கலேன்னாலும் தப்பா? பொண்ணு பாக்க வந்த மாமியார் தோத்தா உம்மகிட்ட!

— ஆயில் கறுத்திருக்கு, ஆனா மோர் மாதிரி வெளுக்கல. ரேடியேட்டர் தண்ணியில எண்ண மெதக்கல. அம்புட்டும் சரி. ஆறியும் போச்சு. சாவியக் கொண்டாங்க... அட, ஒரே இழுப்புல எடுத்துக்கிருச்சே! வெள்ளைத்தாயி, என்ன புகை?

— ஆங்?

— புகை ஏட்டி, புகை!

— லேசா வெள்ளையா வந்துச்சுங்க. உடனே நின்னுருச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல. சத்தியமா ஒண்ணுமே இல்ல.

— சத்தியம் எதுக்கு? காலைப் பனிக்கு அப்படித்தான் வரும். ஏறுங்க, ராஜபாளையம் ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துட்டா முடிஞ்சுது.

— நான் முன்னாடி உக்காந்துக்கறேன். அம்மா, நீ பின்னாடி சௌகரியமா உக்காரு. மெத்தை எப்படி இருக்கு பாத்தியோ?

— நல்லாருக்கு சாமி. எல்லாமே நல்லாருக்கு. இந்தாருங்க, எல்லாமே நல்லாத்தான் இருக்கு.

— உன்னையக் கேட்டா மாட்டு வண்டியக் கூட நல்லாருக்கும்பே.

— மடவார்வளாகம் தாண்டியாச்சு. என்ன சொல்றது என் கார்?

— பிரேக்கு பிடிக்கி. கியர் விழுகுது. ஸ்டியரிங் இடது பக்கம் லேசா இழுக்கி, அது வேற... இந்தா, இது என்னது?

— எது?

— குலுக்குனது தெரியலையா? இந்தா மறுபடியும்! மேட்டுல மூச்சு வாங்குது பாத்தீகளா, விட்டு விட்டு ஓடுது.

— பெருமாளே! இத்தனை வருஷத்துல ஒரு நாள் இப்படிப் பண்ணினதில்லையே!

— காரு விக்கிறவுக அத்தன பேரும் இதத்தான் சொல்லுதாக.

— நிறுத்திராதீகங்க. மெதுவாப் போனா சரியாயிரும். பசிக்கோ என்னமோ அதுக்கு.

— நான் எங்கட்டி நிறுத்துதேன்? அதுவா நிக்கி... போச்சு. உசுரு போயிருச்சு. இறங்குங்க எல்லாரும்.

— இருங்க, இன்னொரு தடவ சாவியத் திருப்பிப் பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— திருப்பிக்கிட்டே இருந்தா பேட்டரியும் செத்துரும். சாமி, அந்தப் பிளக்கு வயரப் பிடிங்க. ரப்பர் மேல பிடிங்க, இல்லாட்டி தூக்கிப் போட்டுரும். நான் ஹேண்டிலப் போட்டுச் சுத்துதேன்... பொறி வருதா?

— வர்றது வர்றது! நீலமா, ஜோரா வர்றது!

— அப்ப கரண்டுல கோளாறு இல்ல. பெட்ரோல் பக்கந்தான். பம்புல இருக்க கண்ணாடிக் கிண்ணத்தக் கழட்டிப் பாத்துருவோம்... சாமி, இங்க வாங்க. வெயில்ல பிடிக்கேன், நல்லா உத்துப் பாருங்க. கிண்ணத்துக்கு நடுவுல ஒரு கோடு தெரியுதா?

— தெரியறது.

— கோட்டுக்கு மேல பெட்ரோலு. கீழ என்னது?

— ... நேக்கென்ன தெரியும்?

— தண்ணி சாமி, தண்ணி! இஞ்சினு குடிக்கிறது அம்புட்டும் தண்ணி. டேங்கு ஓட்டையா? இல்ல, மழைத் தண்ணி இறங்குதா? என்னத்த மறைச்சீக?

— ஓய், நாக்கை அடக்கிப் பேசும்! ஆண்டாள் ஊர்ல குடியிருக்கறவன் நான். எங்கப்பா பேர்ல சத்தியமா, என் கார்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. நேத்தும் ராஜபாளையம் போயிட்டு வந்தேன்.

— பொறவு எப்பிடி வந்துச்சு? வானத்துல இருந்து குதிச்சுதா? வேணாம் சாமி. இஞ்சின் எம்புட்டு நல்லா இருந்தாலும் ஆள் சரியில்லைன்னா நமக்கு ஆகாது. ஏட்டி, வா, பஸ்ஸப் பிடிப்போம்.

— இருங்க... சாமியத் திட்டாதீக.

— நீ சும்மா இரு. போகும்போது டேங்கு மூடியையும் திறந்து காட்டிட்டே போறேன். துரு எப்படி இருக்குன்னு அவுகளே பாக்கட்டும்... இதென்ன? பெட்ரோலையும் மீறி ஒரு வாசம் வருதே. பச்சைக் கற்பூரமா?

— நகரும், நானும் பாக்கறேன். வாயோரத்துல என்ன ஒட்டிண்டிருக்கு? பெருமாளே... திருத்துழாய்!

— துளசி இலையா? பெட்ரோல் டேங்குலயா?

— ஆண்டாள் சந்நிதி தீர்த்தம் ஓய் இது! இதைப் போய் எந்தப் பாவி...

— நாந்தான் சாமி அந்தப் பாவி.

— என்னட்டி சொல்லுதே?

— காலையில பஸ்ஸ விட்டு இறங்கி நீங்க டீ குடிக்கப் போனப்ப கோயிலுக்குப் போனேன். வீட்டுல ஒரு சீக்காளி இருக்குன்னு பட்டர்கிட்டச் சொல்லி, டானிக்கு பாட்டில் நிறைய வாங்கிட்டு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேனட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நின்னீக. பின்னாடி ஒரு மூடி இருந்துச்சு. திருகுனேன், கழண்டுக்கிருச்சு.

— கிறுக்குச் சிறுக்கி! காருக்கு மேல ரெண்டு சொட்டுத் தெளிச்சா போதாதா?

— சீக்கு மேலயா இருக்கு? உள்ளதான இருக்குன்னு பயந்தேன். வாயில ஊத்துனாத்தான உள்ள போகும்? இந்தக் காரு தேறிட்டா நீங்க சவுதிக்குப் போக மாட்டீகன்னு ஆண்டாள்கிட்ட மன்றாடிக்கிட்டே ஊத்துனேன். நல்லாருந்த காரை நானே கெடுத்துட்டேனா?

— கெடல. டேங்கக் கழட்டிக் கழுவுனா ஓடும். சாமி, வாய் தவறிப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. இஞ்சின் பட்டாளத்து வண்டி கணக்கா உறுதியா இருக்கு.

— அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமோன்னோ! போகட்டும். தீர்த்தம் குடிச்ச கார்னு ஊர்ல சொல்லிக்கலாம்.

— இந்தாருங்க, அப்ப சவுதி?

— வெள்ள, ஒண்ணு கேக்கேன். ஒவ்வொரு லீவு முடியவும் முறுக்குச் சுட்டு, பொட்டியக் கட்டி, பஸ் ஏத்தி விட்டே. ஒரு தடவையாச்சும் போகாதீகன்னு உன் வாயில வந்திருக்கா?

— சொன்னா பட்டாளத்துல விட்டுருவாகளா?

— இப்பத்தான் பட்டாளம் இல்லையே. இப்பச் சொல்ல வேண்டியதுதான?

— நடு ரோட்டுல, சாமி முன்னாடி வச்சு என்னத்தச் சொல்ல?

— நான் வேணும்னா அந்தப் புளியமரத்தைப் பாத்துண்டு நிக்கறேம்மா. நீ தைரியமா சொல்லு.

— ... போகாதீகங்க.

— எங்கிட்டு ஏட்டி போக? அந்த வேலைக்கு எங்கக்கா மகன் சந்தனத்தை அனுப்பியாச்சு, முந்தாநாளே பம்பாய்க்கு ரயிலேறிட்டான். இந்தக் காரும் தேறலைன்னா என்ன செய்யன்னு காலையில இருந்து பயந்துக்கிட்டுக் கெடக்கது நாந்தான்.