கால் பவர் குறைவாக

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்து அதை நொறுக்குவது கடைக்கு நல்ல விளம்பரம் இல்லை. நான் உட்கார்ந்தேன். ஆளும் கொஞ்சம் கனம். ஃபிரேம் மூன்று துண்டாகிவிட்டது. அவசரத்துக்கு மனைவியின் கண்ணாடியை எடுத்து மாட்டினேன். மருந்துச் சீட்டின் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. உடனே கழற்றிவிட்டுக் கடைக் கதவைச் சாத்தினேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஐயா. பெண்கள் எழுத்தைப் பார்ப்பது பாவம் என்று மறைநெறிச் சபை ஆணை போட்டு ஆறு வருடமாகிறது. என் கடையில் பெண்களின் கண்ணைச் சோதிக்க மரமும் குடமும் பறவையும் வரைந்த பலகைதான். படிக்கிற பவரில் அவர்களுக்கு லென்ஸ் போடக் கூடாது. இவளோ அந்த லென்ஸை என் இழுப்பறையிலிருந்தே எடுத்து, தானே ஃபிரேமில் பொருத்தியிருக்கிறாள். பதினெட்டு வருடம் என் பக்கத்தில் நின்று தொழிலைப் பார்த்தவள். கைவேலை என்னுடையதைவிடச் சுத்தம்.

மாடி வீட்டு அக்காவைச் சபையின் ஆட்கள் கூட்டிப்போனது ஒரு பழைய செய்தித்தாளுக்காக. நான்கு மாதம் கழித்து வந்தவளிடம் பேரைக் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறாள். என் மனைவியை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குத் தாங்காது. கோழி அறுத்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான்.

அதனால் சத்தம் போடவில்லை. இழுப்பறையைப் பூட்டினேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் லென்ஸை மாற்றினேன், கால் பவர் குறைவாக. அடுத்த மாதம் இன்னொரு கால். நடக்க, சமைக்கத் தடையில்லை. கைக்கு அருகே இருப்பது மட்டும் புகையாகும். கண் மங்குகிறது என்றாள். நானே சோதித்துப் பார்த்து, நரம்பு தளர்கிறது, வயதாகிறதல்லவா என்றேன். அழுதாள். ஆறுதல் சொன்னேன். அன்றைக்குப் பாத்திரம்கூட நான்தான் கழுவினேன்.

பிறகு தோன்றியது, ஊரான் பெண்டாட்டி மட்டும் என்ன பாவம் செய்தாள் என்று. ஆணை கேட்டதற்கும் ஒரு படி கீழே இறக்கி, கடைக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் அப்படியே கொடுத்தேன். இரண்டு வருடமாக எங்கள் தெருவில் ஒருத்தியைக்கூட உங்கள் ஆட்கள் கூட்டிப்போகவில்லை. தையல்காரி ஒருத்தி ஊசியில் நூல் கோக்க முடியாமல் தொழிலை விட்டாள். இனி விரலில் ஊசி குத்தாது என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். இன்னொருத்தி, எழுத்துக்குப் பதிலாகப் புட்டியில் போட்டிருக்கும் நிறக்கோடு தெரியாமல் கைக்குழந்தைக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள். அந்தத் துக்கத்துக்கு முதல் ஆளாகப் போனவன் நான்.

போன வாரம் என் மகளுக்குத் தலைவலி. பதினாறு வயது. புதன்கிழமை கடைக்குக் கூட்டிவா, அப்பா கையால் நல்லதாக ஒரு கண்ணாடி செய்து தருகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். புதன்கிழமை மகளின் கட்டில் காலி.

மைத்துனனைக் கேட்டால், சின்னப் பிள்ளைதானே, வந்துவிடுவாள் என்கிறான். பக்கத்து வீட்டில் கேட்டால், மழை வரும் போலிருக்கிறது என்கிறார்கள். பெற்ற மனம் கேட்கவில்லை. சோதனைச்சாவடிகளில் நீங்கள் சொல்லிவைத்தால் கிடைத்துவிடுவாள் என்றுதான் புகார் கொடுக்க வந்தேன். முழுக்கச் சொன்னால்தான் தேட முடியும் என்றீர்கள், சொல்லிவிட்டேன்.

மிச்சம் இவ்வளவுதான். இன்று காலை மனைவியைக் கடைசியாகக் கேட்டேன். சபைக்குப் பயந்தா பிள்ளையை அனுப்பினாய், நான் இருக்கும்போது என்ன பயம் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

“ரெண்டாவது லென்ஸ்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சபைக்காரங்க வந்தா கதவைத் தட்டுவாங்க, ஒளிஞ்சுக்கலாம். நீங்க அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு, சிரிச்சுப் பேசிக்கிட்டே செய்வீங்க. உங்களுக்குப் பயந்துதான் அனுப்பினேன்.”